சராசரிக்குள் ஒரு ஆள்

சந்திரகலா என்ன வேலை பார்க்கிறாள் என்பது கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் அவளுடைய மாமியாருக்குப் பிடிபடவில்லை. கேட்பவர்களிடம் "பொல்யூஷன் ஆபீசு" என்று சொல்லிவிடுவார். அதை நம்பிய எதிர்வீட்டுக்காரர், தெருமுனையில் குப்பை எரிக்கிறார்கள் என்று அவளிடம் வந்து புகார் கொடுத்தார். அவளும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். தன் வேலை என்னவென்று விளக்கப்போனால் அன்றைய சமையல் கெட்டுவிடும்.

வேலை இதுதான். முதலியார்பேட்டையில் ஒரு டயர் கடைக்கு மேலே, மாடியில் இருக்கிறது அந்தச் சின்ன ஆய்வுக்கூடம். அங்கிருந்து பம்புகளை எடுத்துக்கொண்டு பட்டறைகளுக்கும் ஆலைகளுக்கும் போவாள். தொழிலாளியின் இடுப்பில் ஒரு பம்பு, சட்டைக் காலரில் கரித்தூள் அடைத்த ஒரு கண்ணாடிக் குழாய். அந்த ஆள் நாள் முழுக்க எந்தக் காற்றை இழுக்கிறானோ அதே காற்றில் கொஞ்சத்தைக் குழாயும் இழுக்கும். சாயங்காலம் குழாயைக் கழற்றி எடுத்துவந்து, அதில் என்ன படிந்திருக்கிறது, எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்த எண்களை வைத்துக்கொண்டு, இந்தப் பட்டறையில் உழைக்கிறவன் உடம்புக்கு ஆபத்து உண்டா இல்லையா என்று கணக்குப் போட்டுச் சொல்வது சந்திரகலாவின் பொறுப்பு.

புள்ளியியலை அவள் ஆசைப்பட்டுப் படிக்கவில்லை. கல்லூரியில் கேட்டது வேதியியல், கிடைத்தது இது. ஆனால் சராசரி என்ற சொல்லோடு அவளுக்குப் பழைய பகை ஒன்று இருந்தது. அவளுடைய அப்பாவுக்குத் திருக்கனூர்ப் பக்கம் கொஞ்சம் மானாவாரி நிலம். ஒரு வருஷம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பூக்கிற நேரத்தில் அவர்கள் ஊரை மட்டும் மழை ஏமாற்றிவிட்டது. நிவாரணம் கேட்டுப் போனவர்களிடம், சுற்றுவட்டாரத்தில் சராசரி மழை போதுமான அளவு பெய்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வருஷத்தோடு அப்பா கட்டட வேலைக்கு டவுன் பஸ் ஏறினார். பக்கத்து ஊரில் பெய்த மழையில் தங்கள் வயலும் நனைந்துவிட்டதாக ஒரு காகிதம் சொல்கிறதே என்று, பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுசாக ஆறவில்லை. இவ்வளவு பட்டுத் தெரிந்தவள்தான் அந்த வெள்ளிக்கிழமை போனில் அப்படி ஒரு வார்த்தையை விட்டாள்.

தேங்காய்த்திட்டுப் பக்கம், ஆற்றை ஒட்டி ஒரு படகுப் பட்டறை. ஃபைபர் படகு கட்டுகிறவர்கள். அச்சுக்குள் கண்ணாடி இழைப் பாயை விரித்து, அதன்மேல் ரெசினை ஊற்றி, ரோலரால் உருட்டி உருட்டி அடுக்கடுக்காக ஒட்டவைப்பார்கள். ரெசினிலிருந்து ஸ்டைரீன் என்று ஒரு ஆவி கிளம்பும். அதன் வாடை முதலில் மண்டையைப் பிளக்கும். கொஞ்ச நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும். பழகிய பிறகுதான் வம்பு. அளவு மீறினால் தலை சுற்றும், நாக்கு குழறும், கால் பின்னும், கடைசியில் ஆளையே சாய்த்துவிடும்.

பட்டறை முதலாளி செம்மல் கெட்ட மனிதர் இல்லை. ஆட்களுக்கு வேளாவேளைக்கு டீ வாங்கிக் கொடுப்பார், தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்பார். காற்றை அளக்கச் சொன்னதற்கு அவருக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். இன்னொன்று, சுப்ரமணி.

சுப்ரமணி குருசுக்குப்பத்துக்காரர். கடலுக்குப் போவதை விட்டுவிட்டுப் படகு கட்டும் வேலைக்கு வந்தவர். அவர் ரோலர் பிடித்தால் ஒரு குமிழி நிற்காது என்பார்கள். ஆனால் சாயங்காலமானால் தள்ளாடுவார். பேச்சு குழறும். சில நாள் காரணமே இல்லாமல் பாடுவார். கேட்டால் குடிக்கவில்லை என்பார். புதுச்சேரியில் சாயங்காலம் ஒரு ஆண்பிள்ளை தள்ளாடிக்கொண்டு நடந்தால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. முனைக்கு முனை கடை இருக்கிற ஊரில் அவன் குடிக்கவில்லை என்று சொன்னால் அதையே குடிகாரன் பேச்சு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

ஐப்பசியில் மழை விட்ட நாட்களாகப் பார்த்துச் சந்திரகலா அங்கே அளந்தாள். ஆட்கள் பம்பை மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் கிண்டலடித்தார்கள். ஒருவன் அதைக் காதில் வைத்து "அலோ" என்றான். சுப்ரமணி மட்டும் பேசாமல் கையைத் தூக்கி நின்று மாட்டிக்கொண்டார். ஒரு நாள் சாயங்காலம் குழாயைக் கழற்றப் போனபோது அவரால் நேராக நிற்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டார். பின்னாலிருந்து யாரோ கண்ணடித்தார்கள். சந்திரகலா குழாயைக் கழற்றி மூடிபோட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவளும் அந்த ஊர்க்காரிதானே, அவளும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லாக் குழாய்களின் எண்களும் கைக்கு வந்தன. கூட்டி வகுத்தாள். சட்டம் அனுமதிக்கிற எல்லைக்கு நன்றாகக் கீழேதான் சராசரி நின்றது. அந்த நேரம் பார்த்துச் செம்மல் போன் செய்தார். ரிப்போர்ட் எழுத இரண்டு நாள் ஆகும் என்று சொல்லியிருக்கலாம். அவர் அவசரப்படுத்தினார், இவளுக்கும் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

"லிமிட்டுக்குள்ளதான் சார் வருது," என்றாள்.

"அப்போ காத்துல ஒண்ணும் இல்ல. அவன் தள்ளாடறது சரக்காலதான். நான் நெனச்சது சரியாப் போச்சு மேடம்." இப்போது கையில் இருக்கிற படகை மட்டும் முடித்துக் கொடுக்கட்டும், அதோடு அவனைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ராத்திரி முழுக்க அவளுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. காற்றைப் பற்றித்தானே சொன்னோம், மனுஷனைப் பற்றி எங்கே சொன்னோம் என்று தனக்குள் வாதாடிப் பார்த்தாள். வாதம் நிற்கவில்லை.

சனிக்கிழமை காலையில் நல்ல மழை. ஆய்வுக்கூடத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை, மேலாளர் கோவிந்தராசு சென்னைக்குப் போயிருந்தார். பாதியில் விட்ட கணக்கை எடுத்தாள். ஒரு பட்டறையில் பல பேரைப் பல நாள் அளந்தால் எண்கள் மேலும் கீழுமாகத்தான் வரும். ஏன் ஏறி இறங்குகிறது என்பதுதான் விஷயம். நாளுக்கு நாள் மாறுகிறதா, ஆளுக்கு ஆள் மாறுகிறதா? நாளுக்கு நாள் என்றால், மோசமான நாளை எல்லாரும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். ஆளுக்கு ஆள் என்றால், மற்றவர்கள் பங்கையும் சேர்த்து ஒருத்தன் வாங்கிக்கட்டிக்கொள்கிறான். சராசரி மட்டும் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும். அதற்கு வித்தியாசம் சொல்லத் தெரியாது.

நேற்று ஒன்றாகக் கூட்டியதை இன்று ஆள்வாரியாகப் பிரித்து அடுக்கினாள். மற்ற எல்லாருடைய எண்களும் தரையோடு தரையாகக் கிடந்தன. உச்சத்தில் இருந்தவை ஒரே ஆளுடையவை. எல்லையைப் போல இரண்டு மடங்கு, ஒரு நாள் அதற்கும் மேலே. எல்லாம் சுப்ரமணி. அவருக்கும் நடுவில் இரண்டு நாள் ஒன்றுமே இல்லை. அந்த நாட்களில் அவர் படகுக்கு வெளியே வேலை பார்த்ததாக அவளே குறித்து வைத்திருந்தாள்.

வேறு பட்டறைகளில் படகுக்குள் இறங்கிச் செய்கிற உள்வேலைக்கு ஆட்கள் மாறிமாறிப் போவதைப் பார்த்திருந்தாள். இங்கேயும் அப்படித்தான் என்று தானாக முடிவுகட்டிக்கொண்டு, எல்லாரையும் ஒரே குழுவாகப் போட்டு வகுத்திருக்கிறாள். பக்கத்து ஊர் மழையைத் தங்கள் வயலில் பெய்யவைத்தவர்களும் இதைத்தான் செய்தார்கள். தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக வந்தது. செம்மலுக்குப் போன் போட்டாள்.

வில்லியனூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். பின்னால் மேளச்சத்தம். படகின் உள்வேலைக்கு யார் யார் மாறிமாறிப் போகிறார்கள் என்று கேட்டாள்.

"மாறி மாறியா? அதெல்லாம் கெடையாது மேடம். படகு வயித்துக்குள்ள ஒரு கைதான். ஆரம்பிச்ச கைதான் முடிக்கணும். நடுவுல கை மாறினா அந்தப் படகு கரைக்குத் திரும்பாதுன்னு வாங்கறவங்க எடுக்கவே மாட்டாங்க. இது எங்க பட்டறை பழக்கம்."

யாரும் அவளிடம் இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே அங்கே யாருக்கும் தோன்றியிருக்காது.

"இப்ப யாரு சார் உள்ள?"

"அவன்தான். காலைலேர்ந்து உருட்டிக்கினு இருக்கான். மழைன்னு தார்ப்பாய் கட்டியாச்சு. தண்ணி பட்டா ரெசின் வெளுத்துடும்."

"ஃபேன் ஓடுதுல்ல?"

"ஃபேன் போட்டா தார்ப்பாயைத் தூக்கியடிக்குது மேடம். நீங்கதான் காத்து சரியா இருக்குன்னு சொல்லிட்டீங்களே, கழட்டி வச்சிட்டோம்."

அவரை உடனே வெளியே வரச் சொல்லுங்கள் என்றாள். செம்மல் சிரித்தார். நேற்று ஒன்று சொல்கிறீர்கள், இன்று ஒன்று சொல்கிறீர்கள், பந்தி முடிந்ததும் போய்ப் பார்க்கிறேன் என்றார். பட்டறை எண்ணைக் கேட்டு வாங்கி அடித்தாள். எடுப்பார் இல்லை. ரெசின் கையோடு யாரும் போனைத் தொடமாட்டார்கள். மறுபடி அடித்தாள், அப்புறம் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

மழைக்கோட்டு மாட்ட நேரமில்லை. முருங்கப்பாக்கம் போகிற சாலையில் தண்ணீர் தேங்கி வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்ற நின்றபோது அவள் அடித்த ஹாரனுக்கு டிரைவர் திரும்பி முறைத்தான். இந்த நேரத்துக்கு எத்தனை அடுக்கு ஒட்டியிருப்பார் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது. ஃபேன் ஓடும்போதே அந்த அளவு. ஃபேனும் இல்லாமல், மேலே மூடியும் போட்டால் என்ன அளவு வரும் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

பட்டறையில் ஆட்கள் கொட்டகைக்குக் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே திறந்தவெளியின் நடுவில் புதுப்படகு, அதன்மேல் நீலத் தார்ப்பாய், நாலு பக்கமும் இழுத்துக் கட்டியிருந்தது. உள்ளேயிருந்து பாட்டுச்சத்தம் வந்தது. வார்த்தை எதுவும் புரியவில்லை, இழுத்து இழுத்து ஒரே ராகம். ஒருவன் டம்ளரால் படகைக் காட்டி, "காலைலேயே போட்டுட்டு வந்துட்டாரு," என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

தார்ப்பாயை அவிழ்க்கச் சொன்னாள். முடியாது என்றார்கள். மழையில் ஈர ரெசின் நனைந்தால் படகே வீண், முதலாளிக்கு யார் பதில் சொல்வது? சரி, யாராவது போய் அவரையாவது கூட்டிவாருங்கள் என்றாள். அதற்கும் தயங்கினார்கள். ஒருத்தர் கை வைத்த படகுக்குள் இன்னொருத்தர் இறங்குவதில்லை. அவராக வருவார் மேடம், நீங்கள் டீ குடியுங்கள் என்றான் ஒருவன்.

அந்த நேரத்தில் பாட்டு நின்றது.

எல்லாரும் படகைப் பார்த்தார்கள். சந்திரகலா அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். தார்ப்பாய்மேல் மழை விழுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. இழைப்பாய் வெட்டுகிற கத்தி ஒன்று பலகைமேல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு படகுக்கு ஏறுகிற பலகையில் கால் வைத்தாள். "மேடம், வேணாம் மேடம்" என்று இரண்டு பேர் ஓடிவந்தார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் முதல் கயிறு அறுந்துவிட்டது. இரண்டாவது கயிற்றை அறுத்தபோது, மூடிக்கிடந்த ஆவி முகத்தில் அறைந்தது. கண் எரிந்து மூச்சு முட்டியது. தார்ப்பாய் ஒரு பக்கம் சரிய, மழை படகுக்குள் இறங்கியது.

சுப்ரமணி குப்புறக் கிடந்தார். ரோலர் ஒரு கையில். முகம் ஒருக்களித்து, அப்போதுதான் ஒட்டிய பாயின்மேல் இருந்தது.

பின்னால் வந்தவன் அப்படியே குதிக்கப் பார்த்தான். சந்திரகலா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். முதலில் தார்ப்பாயை முழுசாக உருவுங்கள், காற்று உள்ளே போகட்டும், இல்லாவிட்டால் நீயும் அங்கேயே விழுவாய் என்று கத்தினாள். இப்போது யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கயிறுகள் அறுந்தன, தார்ப்பாய் தரையில் விழுந்தது, இரண்டு பேர் ஈரத்துணியை வாயில் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஆளைத் தூக்கினால் தலை வரவில்லை. ரெசின் இறுகத் தொடங்கி, தலைமுடி பாயோடு ஒட்டியிருந்தது. "கத்திரி குடு" என்று உள்ளேயிருந்து ஒருவன் அலறினான். பாய் வெட்டும் கத்திரியால் முடியை வெட்டித்தான் அவரைப் பிரித்தெடுத்தார்கள். சற்று முன் சிரித்தவன்தான் வெட்டினான்.

மூச்சு இருந்தது. மெலிசாக இருந்தது. ஆம்புலன்ஸ் வருகிறவரை கொட்டகையின் திறந்த பக்கத்தில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் வந்ததைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது குடித்திருந்தாரா என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான். கூட வந்த ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சந்திரகலா முந்திக்கொண்டு ஸ்டைரீன் பெயரைச் சொன்னாள், எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார் என்பதைச் சொன்னாள், தான் அளந்த எண்களைச் சொன்னாள். ஆக்சிஜன் வைத்தார்கள். சாயங்காலம் ஆகும்வரை எதுவும் சொல்ல முடியாது என்றார்கள்.

செம்மல் கல்யாணத்து வேட்டியோடு வந்து சேர்ந்தார். நனைந்த படகைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, அதை அவர் கணக்கில் நல்லதாகவே எழுத வேண்டும். ரிப்போர்ட்டில் என்ன எழுதப்போகிறீர்கள் என்றார்.

"அவருக்குத் தனியா எழுதுவேன் சார்."

"ஒரு ஆளை வச்சு ரிப்போர்ட்டா மேடம்?"

"உள்ள போறது அவரு ஒருத்தர்தானே சார். மூச்சு இழுத்ததும் அவரு ஒருத்தர்தான். அதை எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்து நான்தான் தப்புப் பண்ணிட்டேன்."

செம்மல் தலையைக் குனிந்துகொண்டார். ஃபேனும் வெளிக்காற்று வருகிற முகமூடியும் இல்லாமல் இனி யாரையும் உள்ளே விடமாட்டேன் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, அவனை வேலையிலிருந்து அனுப்புகிறேன் என்று நேற்று சொன்னதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

சுப்ரமணியின் மனைவி சின்னப்பொண்ணு மீன் விற்ற இடத்திலிருந்து நேராக வந்திருந்தாள். முந்தானையில் செதில் ஒட்டியிருந்தது. அழவில்லை. கோபமாக இருந்தாள்.

"குடிச்சிட்டுத்தானே வுழுந்தாரு? நான் சொன்னேன், ஒரு நாள் இப்புடித்தான் வந்து நிக்கும்னு."

"இல்லக்கா. அவரு குடிக்கல." சந்திரகலா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவரு சட்டையில ஒரு குழாய் மாட்டி அளந்தேன். படகுக்குள்ள போன நாள்லாம் அதுல விஷம் ஏறியிருக்கு. போகாத நாள்ல ஒண்ணும் இல்ல. அந்தக் காத்துதான் அவரத் தள்ளாட வச்சிருக்கு."

சின்னப்பொண்ணு முந்தானையில் ஒட்டியிருந்த செதிலை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டாள்.

"ஞாயித்துக்கெழமை ஒழுங்கா இருப்பாரும்மா," என்றாள் கடைசியில். "என் கண்ணு முன்னாடி இருக்கறதால குடிக்க முடியலன்னு நெனச்சேன்."

அப்புறம் அவளாகவே சொன்னாள். போன ஆடியில் அம்மன் கோயில் வாசலில் உள்ளங்கையில் சூடம் ஏற்றி அணைத்து, நான் குடிக்கவில்லை என்று அவர் சத்தியம் செய்திருக்கிறார். அன்று சாயங்காலமே தள்ளாடிக்கொண்டு வீடு வந்திருக்கிறார். பொய்ச் சத்தியம் செய்த ஆளுக்கு என் வீட்டில் இடமில்லை என்று இவள் கதவைச் சாத்தியிருக்கிறாள். அன்றிலிருந்து அவருக்கு வலை போட்டுவைக்கிற கொட்டகையில்தான் படுக்கை. சாப்பாட்டைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவாள், முகம் பார்த்துப் பேசுவதில்லை.

வருஷக்கணக்கில் அந்த ஆள் உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். ஊர் நம்பவில்லை, பெண்டாட்டி நம்பவில்லை. கடைசியாகக் குழாய்களில் அவருடைய உண்மை ஏறி வந்தபோது, அதையும் சந்திரகலா எடுத்து மற்றவர்களுடையதோடு கலந்துவிட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் உள்ளே கூப்பிட்டார்கள். சுப்ரமணி கண் திறந்திருந்தார். ஒரு பக்கம் முடி தாறுமாறாக வெட்டப்பட்டு, கன்னத்தில் ரெசின் பொருக்காக இருந்தது. எங்கே இருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. மனைவி முகம் தெரிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. ஆக்சிஜன் முகமூடியைக் கையால் தள்ளிவிட்டு, தினமும் சொல்லிப் பழகிய குரலில், அடிக்கப்போகிறவர்களிடம் சொல்வது போல அவசரமாகச் சொன்னார்.

"நான் குடிக்கல சின்னப்பொண்ணு."

"தெரியும்யா," என்றாள் சின்னப்பொண்ணு. முகமூடியை எடுத்து அவர் முகத்தில் திரும்ப வைத்துப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.